கேட்காமல் போகமாட்டார்

அந்த மேடத்துக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. மனநலப் பிரிவில் கவுன்சலராக வேலை பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்றுதான் முதல் நாள் நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசுவார். நோயாளி சொல்லும் பதில் வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காது. இவர் கேட்கும் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்கும். எல்லோரிடமும் அதே கேள்வி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சாகணும்னு தோணுதா?"

இதுதான் கேள்வி. முன்னுரை கிடையாது. "அப்படி இப்படி ஏதாச்சும் நெனப்பு..." என்ற இழுவை கிடையாது. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். அவர் வாய் மூடியிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று வார்டில் கிண்டல் செய்வார்கள்.

நான் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். சுற்றி வளைத்துப் பேசுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. எதிரே இருப்பவருக்குப் புடவை பிடிக்கவில்லை என்றால், அவர் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அடுத்ததை விரித்துவிட வேண்டும். நேராக "பிடிக்கலையா?" என்று கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். இப்படிப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் உள்ளே ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று வந்தது. உள்ளே இருந்தது என் தம்பி வேலு.

வேலு எங்கள் பெரியப்பாவின் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். சில மாதங்களாக அவனுக்குத் தூக்கம் இல்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கும். கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பான். குப்பத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காதல் என்றார் ஒருவர், கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர், செல்போன்தான் கெடுத்தது என்றார் இன்னொருவர். அவனிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் அவன் உயிரை விடப் பார்த்தான். எப்படி என்று எழுதப் போவதில்லை, அது தெரிந்து யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தான்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலை வைத்திருந்தாள். வயிற்றுவலி. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், எதிர்க்கூடைக்காரியோடு வாய்ச்சண்டையில் தோற்றதே இல்லாதவள், அந்த ஒரு சொல்லைத் தலைகுனிந்து சொன்னாள். எங்கள் ஊரில் அந்தத் தொனியில் வயிற்றுவலி என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். விளங்கியதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதுதான் மரியாதை.

வேலு கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகு மேடம் வந்தார். பருத்திப் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் ஷூ. தோளில் ஹெல்மெட்.

"அலோர், இதுல யாரு வேலு?"

அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து கடைசிவரை அங்கிருந்து பென்ஷன் வாங்கியவர். கூடப்பிறந்தவர்கள் எல்லாம் பாரீசுப் பக்கம் போய்விட்டார்கள். இவர் மட்டும் இங்கேயே சாரம் பகுதியில் வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டுப் பிரெஞ்சில் அந்த 'அலோர்' ஒன்றுதான் ஆஸ்பத்திரிவரை கூட வந்தது. அதைச் சொன்னால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

"வயித்துவலி மேடம். இப்ப தேவலாம்" என்றாள் அம்மா.

"வயித்துக்கு வேற டாக்டர் இருக்காரும்மா, பாத்துட்டுப் போயிட்டாரு. நான் அதுக்கு வரல. நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

வெளியே வந்து நின்றோம். கேள்வி கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இன்னாடி இது? வாயில வெக்கக் கூடாத வார்த்தையக் கேக்குது அந்தம்மா! அவனே மறந்து கெடக்குறான், இது போயி ஞாபகப்படுத்துது!"

மேடம் வெளியே வந்ததும் அம்மா மார்க்கெட்டுக் குரலில் பிடித்துக்கொண்டாள். மேடம் முழுதும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அம்மா, நான் கேட்டதால அந்த நெனப்பு வர்றதில்ல. ஏற்கனவே இருக்குது. இத்தினி நாளா அவன் ஒண்டியா வெச்சிக்கிட்டு இருந்தான். உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லுங்கன்னான்."

"இன்னா சொன்னான் எம் புள்ள?"

"ஆமான்னு சொன்னான். இன்னமும் தோணுதுன்னு சொன்னான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆமான்னு சொல்லிட்டான் இல்ல, அது நல்லதும்மா. இல்லன்னு பொய் சொல்லியிருந்தா எனக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது." அம்மாவுக்கு அதில் என்ன நல்லது என்று விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது.

அந்தக் கோபம் போனது ஒரு போலீஸ்காரரால். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவது வழக்கம். வந்தவர் நடுவயசுக்காரர், ஏட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வேலுவை அதட்டினார். "ஆம்பளப் புள்ளதானே? பெத்தவங்கள நெனச்சிப் பாத்தியா?" மேடம் குறுக்கே வந்தார். சட்டமே இப்போது இவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, வைத்தியம் பார்க்கத்தான் சொல்கிறது என்று அவருடைய சத்தத்தில் சொன்னார். ஏட்டு முறைத்தார். மேடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணெல்லாம் செவந்திருக்கே சார். தூங்கறீங்களா?"

"டியூட்டிம்மா. எங்களுக்கு ஏது தூக்கம்?"

"டியூட்டி இல்லாத அன்னிக்கி?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க சார் இப்படி" என்று தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். எங்களுக்குக் கேள்வி கேட்டது. பதில் கேட்கவில்லை. ஆனால் அந்த ஏட்டு வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். வேலுவின் கட்டில் பக்கம் வந்து, "ஒடம்பப் பாத்துக்கோப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு நாங்கள் வாராவாரம் போகும்போது அவரைச் சாதாரணச் சட்டையில் எங்கள் பெஞ்சிலேயே சில முறை பார்த்தேன். இருவரும் தெரியாததுபோல இருந்துகொண்டோம்.

வேலுவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மேடம் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து, வீட்டில் அவன் கைக்கு எட்டக் கூடாதது என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவற்றையெல்லாம் மூட்டை கட்டித் தவளக்குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். மாத்திரை அம்மாவின் பொறுப்பு. அவனிடம் ஒன்றை வாயால் சொல்லவைத்தார். அந்த நினைப்பு வந்தால் முதலில் தனியாக இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து வர வேண்டும், பிறகு அக்காவிடம் சொல்ல வேண்டும், அக்கா கிடைக்காவிட்டால் அம்மா, யாரும் இல்லாவிட்டால் நேராக ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வேலு அதைத் திரும்பச் சொன்னான். முதல் தடவை முணுமுணுத்தான். "கேக்கல" என்றார். இரண்டாம் தடவையும் "கேக்கல" என்றார். வார்டே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திச் சொன்ன பிறகுதான் விட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வேலுவின் முகத்திலும் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

இந்த அம்மாள் ஏன் இப்படி இருக்கிறார் என்று பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்குள் பெரிய ஆராய்ச்சி நடக்கும். அவருடைய தங்கை அப்படிப் போய்விட்டாள் என்று ஒரு கதை. இல்லை, காதலித்தவன் என்று இன்னொரு கதை. கருவடிக்குப்பத்திலிருந்து மகளை அழைத்துவருகிற ஒரு அக்கா, தான் நேரில் பார்த்ததுபோலவே சொல்லுவாள். ஒரு நாள் நானே மேடத்திடம் கேட்டுவிட்டேன். அவரோடு பழகி எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. நின்றபடியே டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்குத் தங்கச்சியே கெடையாதும்மா. சினிமா மாதிரி ஒண்ணும் நடக்கல. இது என் வேலை. கேக்கறதுக்குப் படிச்சிருக்கேன், கேக்கறேன். நீ பொடவ விக்கறதுக்கு உன் வாழ்க்கையில இன்னா நடந்துச்சு?"

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. ஒரு மனுஷி அக்கறையாக இருக்கிறாள் என்றால் அவளுக்குள் ஒரு பிணத்தைத் தேடுகிற புத்தி நம்மிடம் இருக்கிறது. அன்றோடு நான் அதை விட்டேன்.

அவர் கேட்டும் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது அவர் முகம் வீங்கியிருந்தது. வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்னாள். வேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று இவரிடம் போக வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் கதவு திறந்தது. மேடம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார், புடவை முந்தானை நனைந்திருந்தது. "அலோர், அடுத்தது யாரு?" என்றார். குரல் கரகரத்ததே தவிரக் குறையவில்லை. அடுத்தவர் உள்ளே போனார். கேள்வி வெளியே கேட்டது.

இப்படிப்பட்டவரே கேட்கத் தவறியது ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வேண்டும்.

வேலு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் எங்கள் வாசலுக்கு மீன் வந்தது. அவன் கடலுக்குப் போகவில்லை, ஆனாலும் போட்டிலிருந்து அவனுடைய முழுப் பங்கு வந்துவிடும். போட்டில் வேலை செய்யும் மாமா ஒருவர் கூடையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார். அம்மா எடுத்து உள்ளே வைப்பாள். அன்றைக்குக் கடலில் என்ன கிடைத்ததோ அதில் நல்லதாகவே இருக்கும். சங்கரா, பாறை, ஒரு நாள் வஞ்சிரம்கூட. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எம் புள்ளைய யாரும் மறக்கல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மேடத்திடமும் சொன்னேன். அவரும் மகிழ்ந்துபோய், "பாரு வேலு, உன்ன யாரும் விடல" என்றார். வேலு தலையாட்டினான்.

பிறகு அவன் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கத் தொடங்கினான். ஒரு வாரம் தலைவலி என்றான். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றான். ஒரு வேலையும் இல்லை. படகு மறைவில் போய் உட்கார்ந்துகொள்வான், நாங்கள் யாராவது எப்போதும் எட்டவே இருந்து பார்த்துக்கொள்வோம். மறுபடியும் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. பயந்துபோய் மேடத்துக்குப் போன் செய்தேன். "அவன் வரலன்னா நான் வரேன்" என்றார்.

நல்ல உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் வந்தார். குப்பத்துக்குள் அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் மணலில் விட்டுவிட்டார். சக்கரம் புதைந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, ஷூவுக்குள் மணல் ஏற ஏற நடந்துவந்தார். அப்போது நான் வேலுவோடு எங்கள் வீட்டுக்கு எதிரே கவிழ்த்துப் போட்டிருந்த பழைய போட்டின் நிழலில் இருந்தேன். வந்து அவனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"அலோர், வேலு. சாகணும்னு தோணுதா?"

அவன் கடலைப் பார்த்தான். அவர் காத்திருந்தார்.

"தோணுது மேடம்."

"முன்ன விட அதிகமா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா கூடையோடு வந்தார். எங்களை அவர் கவனிக்கவில்லை. வாசற்படியில் வைத்தார், திரும்பினார், போய்விட்டார்.

"அதோ வந்துடுச்சு பாருங்க, என் பங்கு" என்றான் வேலு.

"நல்லதுதானேப்பா?"

"மேடம், எங்க ஊர்ல முழுப் பங்கு எப்ப வீட்டுக்கு வரும் தெரியுமா? ஆள் செத்துட்டாத்தான் வரும்."

எனக்குத் தலையில் யாரோ தட்டியதுபோல இருந்தது. ஆமாம், அதுதான் எங்கள் வழக்கம். ஒருவன் உடம்பு சரியில்லாமல் படுத்தால் குழம்புக்குக் கறிமீன் கொடுத்தனுப்புவார்கள், அவ்வளவுதான். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், அல்லது எப்படியோ இறந்துவிட்டால்தான், அவன் போட்டுக்காரர்கள் அவனுடைய முழுப் பங்கை வருஷத் திதி முடியும்வரை அவன் வீட்டு வாசலில் வைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். பிழைத்து வந்தவன் மேலிருந்த பாசத்தில் எங்கள் யாருக்கும் கண் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மா சிரித்துக்கொண்டே அந்தக் கூடையை உள்ளே எடுத்துப்போனதை அவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"எனக்கு வருஷம் ஆரம்பிச்சிட்டாங்க மேடம். நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு மாத்திரை?"

மேடம் வாசற்படியில் இருந்த கூடையைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை அவர் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

"அன்னிக்கி உன்ன யாரும் விடலன்னு நான் சொன்னேனே" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க."

"அப்பவே சொல்லக் கூடாதாப்பா?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. இன்னான்னு சொல்றது?"

"தப்பு என்னுதுதான். அது இன்னா பங்கு, ஏன் வருதுன்னு உன்ன நான் கேட்டிருக்கணும். மீனுதானேன்னு விட்டுட்டேன்." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "அவங்ககிட்ட நான் பேசலாமா?"

"பேசுங்க. எனக்கு வாய் வராது."

வலை பின்னும் கூடத்தில் பெரியப்பா போட்டின் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பெரியப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். கையில் வலை, வாயில் நூல். பழைய காலத்து மனிதர், சட்டை போட்ட பெண்பிள்ளை டாக்டரிலிருந்து புடவை கட்டிய டீச்சர்வரை எல்லோரும் அவருக்கு 'மதாம்'தான். "வாங்க மதாம்" என்று எழுந்தார்.

மேடம் உட்காரவில்லை. அவர் 'மதாம்' என்றதுக்கு இவரும் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஐயா என்று கூப்பிட்டார்.

"மிசே, வேலு செத்துட்டானா?"

கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றன. பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"இன்னா பேச்சு பேசுறீங்க மதாம்! எங்க புள்ள அவன்!"

"அப்ப ஏன் தெனம் செத்தவன் பங்கு வெக்கிறீங்க அவன் வாசல்ல?"

கூடை கொண்டுவந்த மாமா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா மெல்ல உட்கார்ந்தார். வாயிலிருந்த நூலைத் துப்பினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. சுனாமியில் போட்டைப் பறிகொடுத்தபோதுகூட அழாதவர்.

"கறிமீன் மட்டும் குடுத்தா நம்மள ஒதுக்குறாங்கன்னு நெனச்சிடுவானோன்னு பயந்தோம் மதாம். ஒரு கொறையும் வெக்கக் கூடாதுன்னு முழுசாக் குடுத்தோம். எம் புத்தியில இது வரலியே..."

வேலு எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். "பெரிப்பா, எனக்குப் பங்கு வேணாம். வேலை குடுங்க" என்றான். அவ்வளவு நேராக அவன் பேசி நான் கேட்டதில்லை.

பெரியப்பா அப்போதே வலையை அவன் பக்கம் நகர்த்தினார். மேடம் விடவில்லை. "வலையெல்லாம் அப்புறம். இன்னிக்கி அவன் ஆஸ்பத்திரிக்கு வரணும். தோணுதுன்னு சொல்லியிருக்கான், டாக்டர் பாத்தே ஆகணும். கடலுக்குப் போறதும் டாக்டர் சொன்ன பொறவுதான், மாத்திரையில தூக்கம் வருது. அதுவரைக்கும் கரையில இன்னா வேலை இருக்குதோ குடுங்க." மணலிலிருந்து ஸ்கூட்டரை நான்கு பேர் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். எங்கள் அண்ணன் முறை ஒருவனின் ஆட்டோவில் வேலுவும் நானும் ஏறினோம். மேடம் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். கொடூரமாக ஓட்டுவார், ஆனால் அன்று எங்களைத் தாண்டிப் போகவே இல்லை.

சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டாக்டர் மருந்தை மாற்றினார். பெரியப்பா பார்க்க வந்தார், வெறுங்கையோடு. எது கொண்டுவந்தால் எது ஆகுமோ என்ற பயம் அவருக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு நடுக்கடலில் பக்கத்துப் போட்டைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்.

"டேய் வேலு. சாகணும்னு தோணுதாடா?"

வார்டு முழுக்கத் திரும்பியது. வேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கி கொஞ்சம் கம்மி பெரிப்பா" என்றான். பெரியப்பா அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல், "சரி, நாளைக்கி வரேன்" என்று எழுந்தார். சொன்னபடி மறுநாளும் வந்து கேட்டார்.

அதன்பிறகு வேலு கரையில் வலை பின்னினான். அந்த வேலைக்கு என்ன மீனோ அதை அவனே கூடத்திலிருந்து வாங்கிக்கொண்டு, அவனே கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியாக நடந்துவருவான். கொஞ்சம்தான் இருக்கும், பெரும்பாலும் கவலை என்கிற மலிவான சின்ன மீன். அம்மா அதைக் குழம்பு வைத்து எங்களுக்கெல்லாம் ஊற்றுவாள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கடலுக்குப் போனான். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலையிலும் கடலில்தான் இருக்கிறான்.

மேடத்தை ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தெலுங்கு. மற்றவர்களாக இருந்தால் மொழி தெரியாது என்று மந்திரிவரை போய் நின்றிருப்பார்கள். இவர் பஸ் ஏறும் முன்பே தெலுங்கில் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருப்பார், ஓட்டுநரிடமே கேட்டும் பார்த்திருப்பார். போவதற்கு முன் வேலுவிடம் கேட்டார். "நான் இல்லன்னா இங்க வர மாட்டியா?" வேலு யோசித்தான். "வர மாட்டேன்னுதான் நெனைக்கிறேன் மேடம்." நல்ல வார்த்தை சொல்லித் தேற்றவில்லை அவர். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புதிதாக வந்திருந்த சின்ன வயசு டாக்டர் முன்னால் நிறுத்தினார். "இவர் பேரு வேலு. நான் போனா வர மாட்டேன்னு சொல்றாரு. வரலன்னா நீங்க போன் பண்ணணும்" என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் விட்டார். எங்களிடம் அவர் விடைபெற்றது அப்படித்தான். ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்.

மேடம் போன பிறகு, கூட்டம் நெரிகிற ஒரு ஆடித் தள்ளுபடி நாள். நான் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தேன். ஏசி கடைக்குள் லுங்கியும் உப்புப் படிந்த சட்டையுமாக வேலு வந்து நின்றான். கடலிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

"அக்கா, வா. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"யாருக்குடா? அம்மாவுக்கா?"

"எனக்கு."

புடவையை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். முதலாளி கத்தியது பின்னால் கேட்டது. ஆட்டோவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாள் நன்றாக இருந்தானே, எல்லாம் முடிந்துவிட்டது என்றிருந்தேனே என்று ஒரு பக்கம். வந்துவிட்டான், என்னிடம் வந்துவிட்டான் என்று இன்னொரு பக்கம். பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தால் மனிதருக்கு அழுகைதான் வருகிறது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அந்தச் சின்ன வயசு டாக்டரே இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, பேனாவை எடுத்து, மெதுவாக, அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"வாங்க வேலு. எப்படி இருக்கீங்க? தூக்கம் எப்படி இருக்கு? சாப்பாடெல்லாம்..."

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன் சார்" என்றான் வேலு. பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும், அத்தனை சத்தம். "எனக்கு மறுபடியும் சாகணும்னு தோணுது. சாகக் கூடாதுன்னு வந்திருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.